அவசரம்: மானிய விண்ணப்பத்தில் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது

வைப்பாற்றங்கரை:
வணக்கம். எங்கள் அறக்கட்டளைக்கு மத்திய அரசு மானியம் கேட்டு விண்ணப்பிக்கிறோம். எல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. மூன்று தடவை போட்டாயிற்று. டீச்சர்களுக்கு இரண்டு மாதமாகப் பாதிச் சம்பளம்தான் கொடுக்கிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கல்லிடைக்காரன்:
எந்தத் திட்டம்? எந்தத் தளத்தில் வருகிறது: தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்கிற தர்பனா, மானியத்துக்கு விண்ணப்பிக்கிற இ-அனுதானா, அரசுப் பணம் கணக்குக்கு வருகிற பிஎஃப்எம்எஸ்ஸா? எதோடு எது பொருந்தவில்லை? ஸ்க்ரீன்ஷாட் போடுங்கள்.

மலைக்கோட்டை மாமா:
எஃப்சிஆர்ஏ வாங்கியிருக்கிறீர்களா? 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பாங்கில் கணக்கு இல்லாமல் எதுவும் நகராது. எங்களை ஆறு மாதம் இழுத்தடித்தார்கள்.

தணிக்கை மணி:
மாமா, அது வெளிநாட்டு நன்கொடைக்கு. அரசாங்க மானியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கேள்வி மாதம் நாலு தடவை வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. முதலில் வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவைப் புதுப்பித்தாயிற்றா என்று பாருங்கள். 2021-இல் விதி மாறியது, அதிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். பழைய சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மானியம் வரவில்லை என்று வருகிறவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

கல்லிடைக்காரன்:
மணி சார், 12ஏ காலாவதி ஆனால் பெயர் பொருந்தவில்லை என்றா சொல்லும்?

வைப்பாற்றங்கரை:
மன்னிக்கவும், பள்ளியில் இருந்தேன். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி, தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்துக்குப் போடுகிறோம். தர்பன் எண், 12ஏ இரண்டும் இருக்கின்றன. பிஎஃப்எம்எஸ்ஸில் பாங்க் கணக்கைச் சேர்க்கும்போதுதான் நிராகரிக்கிறது.

பேரேடு:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா தம்பி! பான் அட்டையையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். பெயரில் 'அறக்கட்டளை' வருகிறதா? அதற்கு எத்தனை கே?

வைப்பாற்றங்கரை:
பத்திரம் முழுக்கத் தமிழ். பானில் இரண்டு கே. பாஸ்புக்கில் ஒரே ஒரு கே, அதுவும் இடம் போதாமல் 'அறகட்டள்' என்று நின்றுவிட்டது, கடைசி ஏஐ காணோம். ஏழு வருடமாக யாரும் இதைக் கவனிக்கவில்லை.

பேரேடு:
அதேதான். பானைத் தொடாதீர்கள், தர்பனும் 12ஏவும் அந்தப் பெயரில்தான் நிற்கின்றன, அதை அசைத்தால் எல்லாவற்றையும் அசைக்க வேண்டும். பாங்கில் மாற்றுவதுதான் சுலபம். அறங்காவலர் கூட்டத் தீர்மானம், பான் நகல், பத்திர நகல், மேனேஜருக்கு ஒரு கடிதம். பாஸ்புக் அச்சில் மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறதா, கணக்கிலேயே அப்படித்தான் ஏற்றியிருக்கிறார்களா என்று திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிஎஃப்எம்எஸ் கேட்டுச் சரிபார்ப்பது பாங்க் கணினியில் இருக்கிற பெயரைத்தான்.

தணிக்கை மணி:
இதற்குத்தான் என் கட்சிக்காரர்களிடம் 'டிரஸ்ட்' என்று வைக்கச் சொல்கிறேன். ஐந்து எழுத்து, தப்பே வராது.

தமிழ்வாத்தியார்:
கே-யை விழுங்கியது பாங்க், குற்றம் தமிழ்ப் பெயர் மேலா? நல்லா இருக்கிறது நியாயம்.

மலைக்கோட்டை மாமா:
எங்கள் பெயரில் 'ழ' வருகிறது. பானில் இசட் எச், பாங்கில் எல்.

தணிக்கை மணி:
கணினிக்குத் தமிழ்ப்பற்று கிடையாது வாத்தியாரே.

தமிழ்வாத்தியார்:
கணினிக்கு இங்கிலீஷ் பற்றும் கிடையாது. ஒரு மொழிக்கு ஒரே எழுத்துமுறை என்று அரசாங்கம் முடிவு செய்து எல்லா அலுவலகத்துக்கும் சொல்லியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. ஊர்ப் பெயர் பலகையிலேயே ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள்.

கல்லிடைக்காரன்:
சண்டைக்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். வைப்பாறு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 51-இன்படி பள்ளிக்கு வாங்க வேண்டிய பதிவு கையில் இருக்கிறதா? அது இல்லாமல் மேலே நகராது. அப்புறம், அவர்கள் அதிகபட்சம் 90 விழுக்காடுதான் தருவார்கள், மீதி உங்கள் கையிலிருந்து. பணம் வந்ததும் சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை நம்முடையது என்று நினைத்துவிடாதீர்கள். 2017 பொது நிதி விதிகளின்படி அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், பாரத்கோஷ் தளத்திலேயே கட்டலாம். எங்களுக்கு 1,140 ரூபாய் வட்டிக்காக, மானியத்தைச் செலவழித்ததற்குக் காட்டுகிற பயன்பாட்டுச் சான்றிதழ் திரும்பி வந்து, அடுத்த தவணை ஒரு வருடம் நின்றது.

வைப்பாற்றங்கரை (11 நாள் கழித்து):
பாங்கில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிஎஃப்எம்எஸ் ஏற்றுக்கொண்டது. பேரேடு அக்காவுக்கு நன்றி.

கல்லிடைக்காரன்:
சரி, பிரிவு 51 பற்றிக் கேட்டேனே?

மலைக்கோட்டை மாமா:
தம்பி, அந்தத் தீர்மானத்தை எப்படி எழுதினீர்கள்? ஒரு நகல் போட முடியுமா? என் 'ழ' இன்னும் அப்படியேதான் இருக்கிறது.