‘புதுசே வாங்கிடுங்க’ என்று சொல்லக் கேட்ட நாள்: என் அனுபவம் இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

இரவுவிளக்கு எழுதியது:

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் பாதியில் நின்றபோது என் லேப்டாப்பின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டது. தூசி ஏதோ போயிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் விரலால் அழுத்தி அழுத்தியே வேலை பார்த்தேன். அது எவ்வளவு ஆபத்து என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்களில் யாருக்காவது டச்பேட் அப்படித் தூக்கியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. வாங்கி நான்கு வருடம்கூட ஆகவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவனாக இருப்பான், மரியாதையாகத்தான் பேசினான். இந்த மாடலுக்கு பேட்டரி தனியாக வராது மேடம், மேல்மூடி, கீபோர்டு, பேட்டரி எல்லாம் சேர்ந்து ஒரே பாகமாகத்தான் வரும், அதை மாற்றுகிற செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிடலாம் என்றான். உதவித்தொகை வந்து மூன்று மாதமாகிறது என்று சொல்ல வாயெடுத்து, இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நிறுத்திக்கொண்டேன். வெளியே வரும்போது என் பணக் கஷ்டத்தைவிட, இதே வரியை அவன் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் மனதில் ஓடியது.

அறையில் கூட இருக்கும் தோழி, பழுது பார்க்கும் ஒரு அண்ணனைப் பற்றிச் சொன்னாள். வீட்டு முன்னறையிலேயே ஒரு மேசையைப் போட்டு வேலை செய்கிறார். மேசைக்கடியில் ஒரு வாளி நிறைய மணல். எதற்கு அண்ணா என்று கேட்டதற்கு, பேட்டரி தீப்பிடித்தால் அதில் போடத்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். என் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்க்ரூ எதுவும் வழக்கமான தலை கொண்டதாக இல்லை. அதற்கென்றே தனி முனை வைத்திருந்தார். மூடியைக் கழற்றினால் பேட்டரியைச் சட்டத்தோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, ஒரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் அவர் சொன்னார்: “பேட்டரின்னா தேயத்தான் செய்யும் தங்கச்சி, அதுல யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனா தேயும்னு தெரிஞ்ச ஒண்ணைப் பசை வச்சு ஒட்டணும்னு யாரோ ஒருத்தர் உக்காந்து முடிவு பண்ணிருக்காங்கல்ல?”

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. ஏனென்றால் என் ஆய்வே நுகர்வோர் புறக்கணிப்பின் வரலாறு. இரண்டு வருடமாக நான் வாங்குபவரின் பக்கத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தேன். நாம் எதை வாங்குகிறோம், எதை வாங்க மறுக்கிறோம், அந்தத் தேர்வில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக. ஆனால் அந்த மேசையில் எனக்குத் தேர்வு என்று எதுவும் இருக்கவில்லை. நான் கடைக்குப் போவதற்கு எத்தனையோ மாதம் முன்பே, எனக்குத் தெரியாத ஓர் அறையில் அது முடிவாகிவிட்டது.

பல்பு கதையையும் அவர்தான் எடுத்தார். யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் அறைக்கு வந்து படித்துப் பார்த்தேன், உண்மைதான். 1924 டிசம்பரில் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஃபோபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. அதுவரை 1500 முதல் 2000 மணி நேரம் எரிந்த பல்புகளை 1000 மணி நேரத்துக்குக் குறைத்தார்கள். அதைவிட அதிகம் எரியும் பல்பைச் செய்த நிறுவனம் கூட்டணிக்கு அபராதம் கட்ட வேண்டும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள், நியாயத்துக்காக அதையும் சொல்கிறேன்: இழை நீண்ட நாள் உழைக்கும்படி செய்தால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். அதனால் 1000 மணி நேரம் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. ஆனால் வெளிச்சம் மட்டுமே காரணம் என்றால் அபராதம் எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குப்பை போடாதே என்று தனி மனிதனைப் பார்த்துச் சொல்லும் பிரச்சாரங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று, அமெரிக்காவில் 1953-இல் தொடங்கிய ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’. அதைத் தொடங்கியதில் பானம் விற்ற நிறுவனங்களும், அந்தப் பானத்தை அடைத்த டப்பாவையும் பாட்டிலையும் செய்த நிறுவனங்களும் இருந்தன. எனக்கு அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. சிறு வயதிலிருந்து ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையையும் கையில் வைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியோடு நின்றிருக்கிறேன். குப்பையைத் தெருவில் போடுவது தவறுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த உறை என் கைக்கு வரும் வழியெல்லாம் யார் யார் நின்றார்கள் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

2022-இல் மட்டும் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவாகவில்லை என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. என் லேப்டாப் அந்த மலையில் சேரவில்லை, இதை அதில்தான் தட்டச்சு செய்கிறேன். ஆனால் அதைக் காப்பாற்றியது என் கொள்கை அல்ல. ஒரு அண்ணனின் பொறுமையும் ஒரு தனி முனையும்தான்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைச் சந்தித்த அனுபவம் இருக்கும். வாங்கும்போதோ, விற்கும்போதோ, எறியும்போதோ. எழுதுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

நான் விற்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முதுகலை படித்த இரண்டு வருடமும் பெரிய துணிக்கடை ஒன்றில் பகுதி நேரம் வேலை பார்த்தேன். சீசன் முடிந்தால் விற்காத துணியைப் பின்னறைக்குக் கொண்டு வருவோம். முதல் முறை எதற்கு என்று தெரியாமல் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அங்கே பல வருடமாக இருந்த ஒரு அக்கா என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். முதுகுப் பக்கம் ஒரு வெட்டு, கையில் ஒரு வெட்டு, அவ்வளவுதான், அப்புறம் யாரும் எடுத்துப் போட முடியாது என்று காட்டிக் கொடுத்தார். அக்கா, யாருக்காவது கொடுக்கலாமே என்றேன். “நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன்டி” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் மகளுக்கு என் வயதுதான். அவர் வெட்டிய சட்டைகளில் பல அந்தப் பெண்ணின் அளவு என்பதை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

எனக்கு அந்த வேலையில் துணியைவிட லேபிள்தான் தாங்க முடியாமல் இருந்தது. பல லேபிளில் வங்கதேசம் என்று இருக்கும். 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா என்ற, ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி அன்றைக்கு ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது, தையல் வேலை செய்கிறவர்களை மட்டும் மேலே ஏறச் சொன்னார்கள். இதை நான் வகுப்பில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். அங்கே யாரோ ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து தைத்த தையலை இங்கே நான் நின்றுகொண்டு வெட்டுகிறேன் என்பது கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது. யாருமே உடுத்தாமல் போகும் ஒரு சட்டைக்காக அவ்வளவு உழைப்பு.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் போட்ட சட்டப்படி 2026 ஜூலையிலிருந்து பெரிய நிறுவனங்கள் விற்காத துணியையும் செருப்பையும் அழிக்கக் கூடாது. அதைப் படித்த அன்று அந்த அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

முதல்தலைமுறை எழுதியது:

இரவுவிளக்கு, உங்கள் பதிவு பிடித்தது, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இருபத்து நான்கு வயது வரை நான் உடுத்தியது, எழுதியது, பேசியது எல்லாமே யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பொருளில்தான். என் முதல் புதுப் போனை உறை பிரித்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளைத் தானே உரிக்க வேண்டும் என்று கேட்டு உரித்தார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அந்த வாரமே நுகர்வு பற்றிய ஒரு கருத்தரங்கில் ஒரு பேராசிரியர், தான் பன்னிரண்டு வருடமாக ஒரே போன் வைத்திருப்பதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் என் போனை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், என்னைக் குத்திக் காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் நான் வாங்காமல் இருந்த இத்தனை வருடத்தையும் யாரும் கொள்கை என்று சொன்னதில்லை, இல்லாமை என்றுதான் சொன்னார்கள். வாங்க முடிந்தவர் வாங்காமல் இருந்தால்தான் அதற்குக் கைதட்டல். ஆடம்பரமாகச் செலவழிப்பது அடுத்தவர் பார்ப்பதற்காகத்தான் என்று பொருளியல் அறிஞர் வெப்லன் 1899-இலேயே எழுதினார். செலவழிக்காமல் இருப்பதும் அடுத்தவர் பார்ப்பதற்காக ஆகிவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. பழுது பார்ப்பது, புறக்கணிப்பது எல்லாம் சரி. ஆனால் புதுசு வேண்டும் என்று ஆசைப்படுகிற ஏழையை நம் ஆய்வுகளில் ஏமாந்தவராக எழுதாதீர்கள், அதுதான் என் வேண்டுகோள்.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

சின்ன விஷயம்தான். வீட்டில் ஒரு இழுப்பறை முழுக்கப் பழைய சார்ஜர், ஒன்று இன்னொன்றுக்குச் சேராது. நான் புது போன் வாங்கும்போது கூட வந்த சார்ஜர் என் தம்பியின் பழைய போனுக்கும் பொருந்தியது, அதுவும் வேறு கம்பெனி. 2024 டிசம்பர் 28-லிருந்து ஐரோப்பாவில் புதிதாக விற்கும் போன்களுக்கு யூஎஸ்பி-சி என்ற ஒரே வகை சார்ஜர் முனை கட்டாயம் என்பதால் மற்ற இடத்துக்கும் அதுவே வந்து சேர்கிறது. இத்தனை வருடம் முடியவே முடியாது என்றார்கள்.

இரவுவிளக்கு எழுதியது:

முதல்தலைமுறை, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். அந்தக் கருத்தரங்கில் நான் இருந்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன், அதற்காக வருந்துகிறேன். என் இரண்டாம் அத்தியாயத்தில் ‘விழிப்புணர்வற்ற நுகர்வோர்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். நேற்று இரவு அதை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், வாதத்துக்காக அல்ல, உங்களுக்குப் பிடிக்கும் என்பதால். புறக்கணிப்பை ஆங்கிலத்தில் சொல்லும் பாய்காட் என்ற சொல் வசதியுள்ளவர்களிடமிருந்து வந்ததில்லை. 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நிலப்பிரபு ஒருவரின் முகவராக இருந்தவர் பெயர் சார்லஸ் பாய்காட். குத்தகை விவசாயிகளும் கூலிக்காரர்களும் சேர்ந்து அவருக்கு அறுவடை செய்ய மறுத்தார்கள், கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தார்கள். கடைசியில் வெளியிலிருந்து சுமார் 50 பேரை வரவழைத்து, அவர்களைக் காக்க ஏறத்தாழ 1000 படைவீரர்களையும் போலீசையும் நிறுத்தித்தான் அந்த அறுவடை நடந்தது. வாங்கும் சக்தி என்று சொல்ல அந்த மக்களிடம் ஏதும் இருக்கவில்லை. ஒருவரோடொருவர் சேர்ந்து நின்றார்கள், அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

1791-இல் பிரிட்டனில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வேண்டாம் என்றவர்களைப் பற்றியும் இப்போது வேறு மாதிரி எழுதுகிறேன். சுமார் மூன்று லட்சம் பேர் நிறுத்தினார்கள் என்று அந்தக் காலத்துக் கணக்கு சொல்கிறது, வீட்டை நடத்திய, வாக்குரிமையே இல்லாத பெண்கள் அதில் முன்னால் நின்றார்கள். இதை மட்டும்தான் முன்பு எழுதியிருந்தேன். அடுத்த வருடமே நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் போனதை அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். இப்போது அந்த மனுக்களை அத்தியாயத்தின் நடுவுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அப்படியும் அடிமை வணிகத்தைத் தடை செய்ய 1807 வரை ஆனது.

நூல்கண்டு, அந்த அக்கா போனில் என்ன சொன்னார் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். முடிந்தால் எழுதுங்கள்.

இன்னொரு செய்தி. எங்கள் துறை ஆய்வகத்துக்குப் புதிதாக லேப்டாப் வாங்கப் போகிறார்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கொள்முதல் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம், எந்தக் கம்பெனி வேண்டும் என்று கேட்காமல் எப்படிப்பட்ட பொருள் வேண்டும் என்று கேட்டு. பிரான்சில் 2021-லிருந்து லேப்டாப் மேல் பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டே விற்கிறார்கள் என்பதையும், 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பேட்டரிகளைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி வருவதையும் குறிப்பிட்டிருக்கிறோம். என்னென்ன நிபந்தனை போடலாம் என்று அந்த அண்ணனிடமே கேட்டேன். வேலையை நிறுத்திவிட்டு, ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். கூட்டம் அடுத்த வாரம். அவர் எழுதிய முதல் வரி, ‘ஸ்க்ரூ சாதாரண ஸ்க்ரூவா இருக்கணும்’. அதை அப்படியே கடிதத்தில் சேர்த்துவிட்டோம்.