பெரியப்பா அனுப்பிய லிங்க்

குழு: பொருநைக் குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

டவுன் பெரியப்பா (காலை 7:12): அனைவருக்கும் காலை வணக்கம். "திருவாலீஸ்வரம் கோயில் விமானச் சிற்பங்கள்" என்று புதிதாக எழுதியிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

டவுன் பெரியப்பா: [இணைப்பு]

அம்பை மாமா (7:15): மச்சான், இது என்ன? விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாகத் திரையே நிறைந்துவிட்டது. தட்டவே பயமாக இருக்கிறது. தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று பேங்க்கிலிருந்து தினமும் மெசேஜ் வருகிறது.

டவுன் பெரியப்பா: மாப்பிள்ளை, அது என் தளத்தின் விலாசம்தான். தலைப்பைத் தமிழில்தான் கொடுத்தேன். ஏன் இப்படி வருகிறது என்று எனக்கும் புரியவில்லை.

நான்: தமிழில் கொடுத்ததால்தான் பெரியப்பா. பிரவுசரின் மேலே பார்த்தால் தமிழாகத் தெரியும். காப்பி எடுத்து இங்கே ஒட்டினால் குறியீடாக உடைந்துவிடும். இணைய விலாசத்தில் யூனிகோடு எழுத்து முறைப்படி ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒரு பைட் விலாசத்தில் 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம்.

நான்: அதிலும் 'கா' என்று போட்டால் க தனி, துணைக்கால் தனி. 18 இடம் போயிற்று. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதைதான்.

டவுன் பெரியப்பா: புள்ளிக்குமா! தொல்காப்பியர் கேட்டால் வருத்தப்படுவார்.

மைனி (7:31): மாமா, உங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருள், விலாசத்தில் தலைப்பு வரும் பகுதிக்கு மொத்தமே 200 இடம்தான் கொடுக்கும். எண்ணிப் பார்த்தேன். திருவாலீஸ்வரம் முழுதாக இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. விமானத்தில் 'வி' மட்டும்தான் மிச்சம். சிற்பமே இல்லை.

அம்பை மாமா: 😂😂

டவுன் பெரியப்பா: அப்படியானால் தலைப்பை ஆங்கிலத்தில் வைக்க வேண்டுமா? அது என்னால் ஆகாது.

மைனி: தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும் மாமா. வெளியிடும் முன் வலது பக்கத்தில் 'ஸ்லக்' என்று, விலாசத்தின் அந்தப் பகுதிக்கான கட்டம் ஒன்று இருக்கும். அதில் மட்டும் ஊர்ப் பெயரையும் இன்னும் ஒன்றிரண்டு சொல்லையும் ஆங்கில எழுத்தில் போட்டு, நடுவில் சிறு கோடு கொடுங்கள். போதும்.

நான்: பழைய பதிவுகளை உட்கார்ந்து மாற்ற வேண்டாம். ஒன்றிரண்டை மாற்றினாலும் பழைய விலாசத்தை வேர்ட்பிரஸ் ஞாபகம் வைத்துப் புதியதற்கு அனுப்பிவிடும். மொத்தத் தளத்தின் விலாச அமைப்பை மாற்றுவதுதான் வம்பு. அங்கே கை வைக்காதீர்கள்.

அம்பை அத்தை (7:50): நான் எழுதும் கூகுளின் பிளாக்கர் தளத்தில் இந்தத் தொல்லை இல்லையே. ஆனால் உளுந்தம்பருப்புச் சோறுக்கும் எள்ளுத் துவையலுக்கும் சொதிக்கும் எல்லாவற்றுக்கும் 'பிளாக் போஸ்ட்' என்றே வருகிறது, பின்னால் ஓர் எண்ணோடு. எது எது என்று எனக்கே தெரிவதில்லை.

நான்: அதுவும் இதே நோய்தான் அத்தை. பிளாக்கர் தமிழ் எழுத்தை விலாசத்தில் சேர்ப்பதே இல்லை. தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் அதற்குக் கிடைப்பது இந்தப் பொதுப் பெயர்தான். எழுதும் பக்கத்தில் 'பெர்மாலிங்க்' என்பதைத் திறந்து நீங்களே பெயர் கொடுக்கலாம். வெளியிடும் முன்பே கொடுத்துவிட வேண்டும், அப்புறம் மாற்ற விடாது.

அம்பை மாமா (8:20): பாபநாசம் பஸ்ஸில் இருக்கிறேன். தைரியமாகத் தட்டிவிட்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே முதல் படத்தில் பாதி வந்திருக்கிறது.

நான்: பெரியப்பா, படங்களைப் போனில் எடுத்தபடியே ஏற்றினீர்களா?

டவுன் பெரியப்பா: ஆமாம். தெளிவாக இருக்க வேண்டும் என்று பெரிய அளவிலேயே எடுத்தேன். சிற்பத்தின் விரல் நகம் வரை தெரிகிறது.

நான்: நகம் தெரியட்டும், ஆனால் ஒரு படம் 5 எம்பி. அப்படிப் பதினைந்து படம். மாமாவின் போனில் எப்படி வரும்? 2560 பிக்சலுக்கு மேல் போனால் வேர்ட்பிரஸ் தானே சுருக்கிக்கொள்ளும், சரி. ஆனால் மூலப் படத்தையும் சர்வரில் அப்படியே வைத்திருக்கும். ஹோஸ்டிங்கில் நீங்கள் வாங்கிய இடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

மைனி: நான் ஸ்கூஷ் என்ற தளத்தில் சுருக்குகிறேன். கூகுள் குரோம் ஆட்கள் செய்தது, இலவசம். படம் நம் போனை விட்டு வெளியே போகாது, பிரவுசருக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். அகலம் 1600, கோப்பு வகை வெப்பி (குறைந்த இடத்தில் அடங்கும் பட வகை), தரம் 75. அந்த 5 எம்பி படம் பெரும்பாலும் 300 கேபிக்குள் வந்துவிடும். 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் வெப்பியை ஏற்கிறது.

டவுன் பெரியப்பா: இவ்வளவு வேலை எதற்கு? வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, அதை எடுத்து ஏற்றினால் சின்னதாகிவிடுமே.

நான்: ஆகும். மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பும் அதில் போய்விடும், வீட்டில் எடுத்த படமென்றால் அது நல்லதுதான். ஆனால் கல்வெட்டு எழுத்துப் படத்துக்கு வேண்டாம். வாட்ஸ்அப் நசுக்கினால் எழுத்தின் ஓரம் மங்கும், படிக்க முடியாது. அதற்கு ஸ்கூஷ்தான்.

மைனி: இன்னொன்று மாமா. ஏற்றும் முன் கோப்புக்கு ஒரு பெயர் வையுங்கள். கேமரா கொடுத்த எண்ணோடு கிடந்தால் கூகுளுக்கும் ஒன்றும் புரியாது, ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் புரியாது. 'மாற்று உரை' கட்டத்தில் படத்தில் இருப்பதைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பார்வையற்றவர்களின் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும்.

டவுன் பெரியப்பா: இது நல்ல விஷயம். செய்கிறேன்.

அம்பை அத்தை (9:05): அண்ணாச்சி, நான் கூகுளில் திருவாலீஸ்வரம் என்று தேடினேன். யார் யாரோ எழுதியது வருகிறது, நீங்கள் எழுதியது வரவில்லையே.

டவுன் பெரியப்பா: என்றைக்கும் வந்ததில்லை அம்மா. தமிழில் எழுதினால் கூகுள் காட்டாது என்று ஜங்ஷன் கடைப் பையன் சொன்னான்.

நான்: யார் சொன்னது? தமிழ்ப் பக்கங்கள் ஏராளமாக வருகின்றனவே.

மைனி (9:22): மாமா, உங்கள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். 'நோஇண்டெக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. என் தளத்தைச் சேர்க்காதே என்று கூகுளிடம் நாமே சொல்கிறோம் என்று அர்த்தம். தளம் கட்டும்போது அந்த டிக்கைப் போட்டு வைப்பார்கள். கட்டி முடித்ததும் எடுக்க வேண்டும்.

மைனி: செட்டிங்ஸ், அதில் ரீடிங். கடைசியில் தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டம் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

டவுன் பெரியப்பா (9:40): செட்டிங்ஸ் என்று ஒன்றும் என் திரையில் இல்லை. பதிவுகள், ஊடகம், பக்கங்கள், கருத்துகள் இவ்வளவுதான் இருக்கின்றன.

நான்: உங்களுக்கு 'எடிட்டர்' உரிமை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள் பெரியப்பா. நிர்வாகி வேறு யாரோ. தளத்தைக் கட்டிக் கொடுத்தது யார்?

டவுன் பெரியப்பா: ஜங்ஷனில் கடை வைத்திருந்த பையன். நல்ல பையன்தான். வருடா வருடம் பணம் கேட்பான், அனுப்புவேன். இப்போது வளைகுடாவில் இருக்கிறான்.

நான்: டொமைன் யார் பெயரில்?

டவுன் பெரியப்பா: அப்படியென்றால்?

நான்: உங்கள் தளத்தின் பெயர் இருக்கிறதல்லவா, டாட் காம் என்று முடிவது. அதை ஒரு பதிவாளரிடம் யாரோ வாங்கியிருப்பார்கள். தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம் ஹோஸ்டிங், அது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பணம். புதுப்பிக்கச் சொல்லி உங்கள் மெயிலுக்கு எப்போதாவது கடிதம் வந்திருக்கிறதா?

டவுன் பெரியப்பா: ஒன்றும் வந்ததில்லை. அப்படியானால் பத்திரம் அவன் பெயரில், தீர்வை கட்டுவது நான்.

அம்பை மாமா: சவத்த, மச்சான் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நான் (10:02): இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். உரிமையாளர் பெயரை மறைத்திருக்கிறார்கள், அது இப்போது வழக்கம்தான். ஆனால் எந்தப் பதிவாளர், எப்போது முடிகிறது என்பது தெரிகிறது. அடுத்த மாதம் 19ஆம் தேதி முடிகிறது பெரியப்பா.

மைனி: முடிந்த உடனே போய்விடாது, பயப்படாதீர்கள். சில நாள் சாதாரண விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள், எத்தனை நாள் என்பது பதிவாளரைப் பொறுத்தது. அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்கத் தனிக் கட்டணம், கொள்ளை விலை. அதுவும் தாண்டினால் 5 நாளில் அழித்துவிடுவார்கள். அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய தளங்களின் பெயரை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்பை அத்தை: ஐயோ, கோயில் பெயரில் சீட்டாட்டமா!

டவுன் பெரியப்பா: தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்திருப்பதாகச் சொன்னானே.

நான்: அதை நம்பி இருக்க முடியாது. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி மாறிவிட்டது. நம் ஊர் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே தனி ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பதிவாளர் என்றால் பல நேரம் பணம் போகாமலே நின்றுவிடும். அங்கே டிக் இருக்கும், பெயர் புதுப்பித்திருக்காது.

மைனி: மாமா, அந்தத் தம்பிக்கு இன்றைக்கே மெசேஜ் போடுங்கள். சண்டை வேண்டாம், தன்மையாகவே கேளுங்கள். அதே பதிவாளரிடம் உங்கள் மெயிலில் நீங்களே ஒரு கணக்குத் திறந்துகொள்ளுங்கள். அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பெயரை நகர்த்திவிடலாம், பெரும்பாலான பதிவாளர்களிடம் அந்த வசதி உண்டு. வேர்ட்பிரஸில் உங்களை நிர்வாகியாக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் வரும்வரை வேறு எதையும் யோசிக்காதீர்கள். எழுத்துரு, தீம் என்கிற தளத் தோற்றம், வேகம் எல்லாம் பிறகு.

நான்: ஆமாம். நிர்வாகி ஆனதும் முதல் வேலை பேக்கப். அப்டிராஃப்ட்பிளஸ் என்று ஒரு பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்), இலவசப் பதிப்பே போதும். வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்கு அனுப்பும்படி வைத்துவிடலாம். டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோவும் சேர்ந்தே பங்கு போட்டுக்கொள்ளும், பழைய பேக்கப்பை இரண்டு மூன்றுக்கு மேல் வைக்க வேண்டாம். மாதம் ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள்ளுங்கள்.

டவுன் பெரியப்பா: ஹோஸ்டிங்காரர்களே பேக்கப் எடுப்பதாகப் பையன் சொன்னான்.

நான்: எடுப்பார்கள். அந்தக் கணக்கே முடங்கினால் அதுவும் சேர்ந்து போகும். நம் கையில் ஒன்று வேண்டும். வேர்ட்பிரஸின் 'எக்ஸ்போர்ட்' கோப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது.

அம்பை மாமா (11:30): காரையாறு வந்துவிட்டேன், சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டால் காசு வருமா?

நான்: 2018இலிருந்து கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழுக்கும் உண்டு மாமா. 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள்.

அம்பை மாமா: மச்சானுக்கு அந்த 100 எந்த வருடம் சேரும்?

மைனி: அந்தக் கணக்கே வேண்டாம். கொஞ்சம் பேர் வரும் தளத்தில் விளம்பரத்தைத் திணித்தால் அவர்களும் ஓடிவிடுவார்கள். கல்வெட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வட்டிக் கடை விளம்பரம் வந்தால் எனக்கே பிடிக்காது.

அம்பை அத்தை: அப்போது நானும் வேர்ட்பிரஸுக்கு மாற வேண்டுமா, பிள்ளை? மற்றவர்கள் எல்லாரும் அதில்தானே இருக்கிறார்கள்.

மைனி: வேண்டாம் சித்தி. வேர்ட்பிரஸ் என்றால் பிளகின், தீம் எல்லாவற்றையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் எவனாவது புகுந்துவிடுவான். உங்களுக்குச் சமையலை எழுதத்தானே ஆசை? பிளாக்கரிலேயே இருங்கள். ஒரு டொமைன் மட்டும் உங்கள் பெயரில் வாங்கி அதில் இணைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங் செலவு இல்லை, பூட்டுக் குறி வரும் பாதுகாப்புச் சான்றிதழும் இலவசம்.

நான்: வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள் அத்தை. புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அதற்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கடைசிப் பக்கத்தில் மெயில், பாதுகாப்பு என்று ஏழெட்டுப் பொருள் கூடையில் தானாக ஏறியிருக்கும். எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

அம்பை அத்தை: வாங்கிய மறுநாளே தளம் செய்து தருகிறோம் என்று போன் வருமாமே? பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான்: வரும். எடுக்க வேண்டாம். பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. பெரியப்பாவுக்கும் சொல்கிறேன், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. குறுகிய காலத்துக்கு ஒருமுறை மாறும், நல்ல ஹோஸ்டிங் என்றால் அதுவே புதுப்பித்துக்கொள்ளும்.

டவுன் பெரியப்பா (மாலை 5:48): பையன் பதில் போட்டுவிட்டான். நானே சொல்ல வேண்டும் என்று இருந்தேன் சார் என்கிறான். என்னை நிர்வாகி ஆக்கிவிட்டான், அந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். பதிவாளரிடம் கணக்குத் திறந்துவிட்டேன். இரவு வேலை முடிந்து வந்து பெயரை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மைனி: நல்லது மாமா. வந்ததும் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். டாட் காமுக்குப் பத்து வருடம் வரை கட்டலாம், அவ்வளவு வேண்டாம். கணக்குக்கு இரட்டைப் பூட்டும் போட்டுவிடுங்கள். ஓடிபி வரும் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும்.

நான்: கூகுளின் சர்ச் கன்சோல் பக்கத்தில் தளத்தைச் சேர்ப்பதை நாளை இரவு போனில் சொல்கிறேன். தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பை வேர்ட்பிரஸே உண்டாக்கிவிடும், அதன் விலாசத்தைக் கொடுத்தால் போதும். கூகுளில் வரக் கொஞ்ச நாள் ஆகும்.

டவுன் பெரியப்பா: சரி ஐயா. ஒன்பது மணிக்குக் கூப்பிடு.

அம்பை அத்தை: அண்ணாச்சி, டொமைன் சரி. ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்டீர்களா? அது தனி என்று காலையில் சொன்னார்களே.

டவுன் பெரியப்பா: கேட்கவில்லை. இதோ கேட்கிறேன்.