உறவில்லாத அடியவருக்கு ஆடி அமாவாசையில் நீர் இறைக்கலாமா?

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலய வீதியில் பல ஆண்டுகள் படுத்துறங்கிய முதியவர் ஒருவர் கடந்த மாரியில் காலமானார். ஊர், குடி, உறவு எதையும் அவர் சொன்னதில்லை. நாங்களும் “சாமி” என்று அழைத்ததோடு நின்றுவிட்டோம். விடியுமுன் தீர்த்தக்கேணியில் முழுகி, நீறு பூசி, நடை திறக்கும்வரை தேவாரம் பாடுவார். ஓரடி பிசகினாலும் பதிகத்தை முதலிலிருந்து தொடங்குவார். அன்னதானத்தில் கடைசிப் பந்தியில்தான் அமர்வார்.

நான் மூன்று வாரம் கொழும்பில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, உரிமை கோர எவரும் வராத உடலென்று அவரை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். தேவாரம் பாடியே வாழ்ந்தவருக்கு ஒரு தேவாரம் பாடவும் அங்கே ஆள் இருக்கவில்லை. மயானத்தில் இடம் காட்டியவர் கைநீட்டிய பக்கத்தில் புல் மட்டுமே கிடந்தது.

ஆடி அமாவாசை வருகிறது. இரத்த உறவல்லாத நான் அவருக்காக எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா? இன்னொருவருக்கு இந்நிலை வராதிருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். திடீர் மரணம் என்றால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மரண விசாரணை நடைபெற்று, அதன் பிறகே உடல் ஒப்படைக்கப்படும். பொறுப்பேற்க இரத்த உறவுதான் வர வேண்டும் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் ஆலய நிருவாகத்தினர் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு சென்று பொறுப்பேற்றதை நான் கண்டிருக்கிறேன். ஊரின் மரண உதவிச் சங்கத்தில், சாமியைப் போல் ஆதரவற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே, ஆலயம் சந்தா கட்டி அவர்களை அங்கத்தவராக்கிவிட்டால், பெட்டிக்கும் குழி வெட்டுவதற்கும் அந்த நேரத்தில் கையேந்த வேண்டியிராது. முதலில் சாமியின் மரணப் பதிவைத் தேடிப் பாருங்கள். அதில் பெயர் இருக்கக்கூடும்.

காத்தான்குடி வாசகர் எழுதியது:

முஸ்லிம்களாகிய எங்களிடையே ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, அடக்குவது பர்ளு கிபாயா, அதாவது சிலர் செய்தால் மற்றவர்களின் கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும். ஆகவே வழிப்போக்கர் இறந்தாலும் குளிப்பாட்டி, ஆணென்றால் மூன்று துணிகளில் கபனிட்டு, தொழுகை நடத்தியே மையவாடி எனும் அடக்கத்தலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். செல்வந்தருக்கும் அதே வெள்ளைத் துணிதான். கொரோனாக் காலத்தில் எங்கள் உடல்களை எரித்தபோது நாங்கள் பட்ட வேதனையையும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைத்து, பின்னர் பிற சமயத்தவரும் அங்கே அடக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். சாமிக்காக நீங்கள் வருந்துவது எங்களுக்கு நன்றாக விளங்குகிறது.

நாவலடி ஆசிரியர் எழுதியது:

தாராளமாக இறைக்கலாம். தர்ப்பணத்தின் முடிவில், தாயோ தந்தையோ உற்றாரோ நண்பரோ இல்லாதவர்கள் யாவரும் இந்நீரால் திருப்தியடையட்டும் என்று ஒரு முறை நீர் விடுவது வழக்கம். வருடந்தோறும் குருக்கள் சொல்லிக்கொடுப்பதை அப்படியே சொல்லிவிட்டு எழும்பிப் போவதால், அது யாருக்கான நீர் என்று நாம் கவனிப்பதில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகுதான் நான் அதைக் கவனித்தேன். அந்த நாட்களில் எங்கள் கரையோரத்தில் முகம் அடையாளம் தெரியாதவர்களை ஒரே குழியில் இறக்கினோம். நேரமும் இருக்கவில்லை, அழுவதற்கு ஆளும் இருக்கவில்லை. அன்றிலிருந்து கடைசி நீரை நான் அவசரமாக விடுவதில்லை. சாமிக்கு அதை மட்டும் விடாமல், குருக்களிடம் சொல்லித் தனியாகவும் இறையுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மரணப் பதிவைப் பார்த்தேன். பெயர் தெரியாத ஆண் என்றே எழுதியிருக்கிறது. குழி வெட்டியவரை அழைத்துச் சென்று இடத்தை உறுதிசெய்து நான்கு மூலையிலும் கல் நட்டிருக்கிறோம். “சாமி, மாமாங்கேஸ்வரர் அடியவர்” என்று பொறித்த கல்லை அமாவாசைக்கு முன் வைப்போம். அன்றைக்கு அவர் விரும்பிப் பாடிய பதிகத்தையும் அங்கே பாடுவோம். மரண உதவிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சந்தா விடயத்தை நானே முன்வைக்கிறேன்.

ஆலய வீதியில் இப்போது வயதான அம்மா ஒருவர் தங்கியிருக்கிறார். இன்று காலை அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் பெயரைக் கேட்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்.