ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டினைப் பையனுக்கு எழுதியிருக்கிறார்கள், கொடுக்கலாமா?

ஒடுகத்தூர் விவசாயி:
பையன் வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் ராத்திரியெல்லாம் தூங்காமல் சொறிந்துகொண்டே கிடந்தான், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம். டாக்டர் சிரங்கு என்று சொல்லி ஐவர்மெக்டின் மாத்திரை எழுதினார், இன்றைக்கு ஒரு வேளை, ஒரு வாரம் கழித்து இன்னொரு வேளை. வீட்டில் எல்லோரும் பூசிக்கொள்ள பெர்மெத்ரின் கிரீமும் கொடுத்திருக்கிறார். போன வருஷம் ஆடுகளுக்குச் சொறி வந்தபோது போட்ட ஊசி பாட்டிலிலும் இதே பெயர்தான். அம்மா அதிலிருந்தே கொஞ்சம் கொடுத்தால் போதாதா என்கிறார். பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கைக்கும் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. பயமாக இருக்கிறது.

காட்பாடி மருந்தாளுநர்:
அண்ணா, அந்த பாட்டிலைத் தொடவே தொடாதீங்க. பெயர் ஒன்றுதான், ஆனால் அது ஆடு மாட்டுக்கு ஊசியாகப் போடத் தயாரித்தது. மனிதருக்குச் சிரங்கு என்றால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்தான் கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். சொட்டுக் கணக்கில் ஊற்றினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மற்றபடி இது ஆட்டு மருந்து மட்டுமில்லை. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்த ஒரு நுண்ணுயிரியில்தான் இதன் மூலம் கிடைத்தது, அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழு அதை மருந்தாக்கியது. 1981ல் கால்நடைக்கு வந்தது, 1987ல் மனிதருக்கு. ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கறுப்பு ஈ கடித்துப் பரப்பும் புழுவால் கண் போன ஊர்களுக்கெல்லாம் இதைத்தான் இலவசமாகக் கொடுத்தார்கள், 2015ல் இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. யானைக்காலுக்கு மூன்று மாத்திரை சேர்த்துக் கொடுக்கிற மாவட்டங்களில் அதில் ஒன்று இதுதான். கொரோனாவுக்குப் பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, 2021 செப்டம்பரில் நம் நாட்டு வழிகாட்டுதலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்தக் குழப்பத்தை வைத்து சிரங்கு மாத்திரையைச் சந்தேகப்படாதீங்க.

குடியாத்தம் நர்ஸ்:
தங்கை கர்ப்பமாக இருப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க, அவருக்கு இந்த மாத்திரை கொடுக்க மாட்டார்கள், கிரீம்தான். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் அப்படித்தான்.

கிரீமைப் பெரும்பாலானவர்கள் அரிக்கிற இடத்தில் மட்டும் தடவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்று திரும்பி வருகிறார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும், விரல் இடுக்கு, தொப்புள், அக்குள், நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியிலும். ராத்திரி பூசி காலையில் குளிக்கணும், நடுவில் கை கழுவினால் கையில் திரும்பப் பூசணும். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில். ஒருத்தர் விட்டுப்போனாலும் அவரிடமிருந்து மறுபடி எல்லோருக்கும் வரும். துண்டு, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து நம்ம ஊர் வெயிலில் காயப்போடுங்க. சிரங்கு என்பது தோலுக்குள் புகும் பொடிப் பூச்சியால் வருவது, மாத்திரை அதன் முட்டையைக் கொல்லாது, பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் இரண்டாவது வேளை, அதை விட்டுடாதீங்க. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், மருந்து தோற்றது என்று நினைத்து மேலும் மேலும் பூச வேண்டாம்.

பள்ளிகொண்டாக்காரி:
எங்க அப்பா காலமெல்லாம் வெறுங்காலோடு நெல்வயலில் நின்றவர். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன் மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு கண்டுபிடித்து இதே ஐவர்மெக்டின்தான் கொடுத்தார்கள். அந்தப் புழு உடம்புக்குள்ளேயே பெருகி வருஷக்கணக்கில் தங்கும், ஸ்டீராய்டு போட்டால் நுரையீரல் வரை பரவி உயிருக்கே ஆபத்தாகுமாம்.

ஒடுகத்தூர் விவசாயி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. பாட்டிலை ஆட்டுக் கொட்டகைப் பரணில் வைத்துவிட்டேன். நாளைக்குத் தங்கையைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, ராத்திரியே ஏழு பேரும் பூசிக்கொள்கிறோம்.