முடக்குவாதம் உள்ள அம்மாவின் கழுத்து வலி: இழுவைச் சிகிச்சையை ஏன் மறுத்தார்கள்?

வைகைக்கரை:
என் அம்மாவுக்கு வயது 61. பல ஆண்டுகளாக முடக்குவாதத்திற்கு, அதாவது ஊரில் சரவாங்கி என்று சொல்லும் நோய்க்கு, மாத்திரை எடுத்து வருகிறார். சில வாரங்களாகப் பிடரியில் வலி இருக்கிறது. குனிந்து காய் நறுக்கினால் அது கூடுகிறது. இழுவை வைப்பார்கள் (கழுத்தை மெல்ல இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை), ஒத்தடம் கொடுப்பார்கள் என்று நினைத்து பிசியோதெரபி நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் கழுத்தை அழுத்தவோ திருப்பவோ இல்லை. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடிகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா என்று கேட்டார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். நடுவிரல் நுனியைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரலைக் கவனித்தார். பிறகு, கழுத்தைக் குனிந்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்குமாறு மூட்டுநோய் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இது தேவையான எச்சரிக்கையா, வீண் அலைச்சலா?

இயன்முறையாளர்:
வீண் அலைச்சல் அன்று. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாம் எலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் முளை அந்த வளையத்திற்குள் நிற்க, ஒரு குறுக்கு நார் அதை விலகாமல் பிடித்துக்கொள்கிறது. நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. நாள்பட்ட முடக்குவாதத்தின் அழற்சி அந்த நாரைத் தளர்த்திவிட்டால், குனியும்போது வளையம் முளையை விட்டு முன்னால் நகர்ந்து, பின்னாலுள்ள தண்டுவடத்திற்கு இடம் குறைந்துவிடும். அப்படி இல்லை என்று தெரியும்வரை இழுவை வைக்கக் கூடாது என்பதால்தான் மறுத்தார்கள். பெரியவர்களுக்கு வளையத்தின் முன்பகுதிக்கும் முளைக்கும் உள்ள இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் இயல்பன்று. நேராக வைத்து எடுத்த படத்தில் இது தெரியாமலே போகலாம் என்பதால்தான் குனிந்து எடுக்கச் சொல்கிறார்கள். அம்மா தாமாகவே, முடிந்த அளவுக்குக் குனிய வேண்டும். படம் எடுப்பவர் உட்பட யாரும் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது.

கொக்கி மாட்டுவதும் நடையும் சிறுநீரும் தண்டுவடம் நசுங்குகிறதா என்று அறியக் கேட்பவை. விரலைச் சுண்டும்போது கட்டைவிரல் தானாக மடங்கினால் சந்தேகம் வலுக்கும். மடங்கவில்லை என்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது.

பழைய நோயாளி:
எனக்குக் கழுத்துத் தேய்மானம். கைவரை வலி இறங்கியது. இழுவை வைத்துத்தான் குணமானது. முடிதிருத்தும் கடையில் நெட்டி முறித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இத்தனை சோதனைகள் தேவையா?

இயன்முறையாளர்:
கைக்கு இறங்கும் நரம்பு வலியில் சிலருக்கு இழுவை பயன்படுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தங்கள் கழுத்தும் அந்த அம்மாவின் கழுத்தும் ஒன்றல்ல. நெட்டி முறிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூளைக்குச் செல்லும் இரு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஏறுகின்றன; திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது என்றாலும், வந்தால் மீட்பது கடினம். தலையைத் திருப்பிப் பிடித்து மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. அதனால்தான் இயன்முறை மருத்துவர்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2020இல் திருத்தப்பட்டபோது, நோய் வரலாறு, இரத்த அழுத்தம், முகம், கண், நாக்கு ஆகியவற்றின் நரம்புகள் என்று பார்க்கச் சொன்னது.

வைகைக்கரை:
விளக்கத்திற்கு நன்றி ஐயா. எக்ஸ்ரே எடுக்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

இயன்முறையாளர்:
எண்ணெய் தேய்த்துக் கழுத்தைத் திருகுவது வேண்டாம். தலையணை தலையை முன்னுக்குத் தள்ளாத உயரத்தில் இருக்கட்டும். தரையில் குனிந்து நறுக்குவதற்குப் பதில் மேசையில் பலகையை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். கழுத்துப் பட்டையை மருத்துவர் சொன்னால் மட்டும் அணியட்டும். கால் தடுமாறினாலோ, கைகள் மரத்துப்போனாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இடையில் வேறு ஏதாவது அறுவைச் சிகிச்சை வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்தக் கழுத்து வலியைக் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாய் செலுத்தும்போது தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள் என்பதால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எலும்பு நகரவில்லை என்று தெரிந்துவிட்டால், படுத்தபடி மெல்லத் தலையாட்டி ஆழ்தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியிலிருந்து அந்த அம்மையாரே தொடங்குவார்.