‘எபிசோட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? (பைபோலார் சொற்கள் தொடர்பாக)

அனைவருக்கும் வணக்கம்.

பைபோலார் என்பது அளவுமீறிய எழுச்சி, ஆழ்ந்த மனச்சோர்வு என்ற இரண்டு முனைகளுக்கு இடையே மனநிலை மாறும் நோய். அதைப் பற்றித் தமிழில் எழுதவும் அகராதியில் சேர்க்கவும் சொற்கள் தேடுகிறோம். ஆனால் நோயின் பெயர் இருமுனையப் பிறழ்வா, இருதுருவக் கோளாறா, இருமுனைக் கோளாறா என்பதிலேயே இழை நீண்டுகொண்டு போகிறது. என் வாக்கு ‘இருமுனைக் கோளாறு’க்கு. ‘பிறழ்வு’ என்றதும் ஒழுக்கம் தவறியவர் என்ற வாடை வந்துவிடுகிறது. மற்றபடி எதை வைத்தாலும் வாசகருக்குப் புரிந்துவிடும். எனக்குக் கவலை ‘எபிசோட்’ பற்றித்தான், அதாவது நோயின் அறிகுறிகள் தொடங்கி, சில காலம் நீடித்து, அடங்கும் காலப்பகுதி. இந்த நோயைக் கண்டறிவது பத்து வயதிலும் சரி, அறுபது வயதிலும் சரி, அந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, ஐந்தாம் பதிப்பு) சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மேனியா (அளவுமீறிய எழுச்சி) என்றால் குறைந்தது ஒரு வாரம், ஹைப்போமேனியா (அதன் மிதமான வடிவம்) என்றால் 4 நாள், பெருமனச்சோர்வு என்றால் 2 வாரம் நீடிக்க வேண்டும். (மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மேனியா முற்றிவிட்டால் நாள் கணக்குப் பார்ப்பதில்லை.) மேனியாவுக்கும் ஹைப்போமேனியாவுக்கும் மனநிலை மாறினால் மட்டும் போதாது, செயல் வேகமும் கூடியிருக்க வேண்டும் என்று 2013இல் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த ஆள் வழக்கமாக இருப்பதிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்டிருப்பது. ஆக நமக்கு வேண்டிய சொல்லில் தொடக்கம், நீட்சி, முடிவு மூன்றும் ஒலிக்க வேண்டும்.

> ‘நிகழ்வு’ ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, நிகழ்வு என்றால் நடந்து முடிந்த ஒன்று. ‘மேனியா நிகழ்வு’ என்று படிப்பவர், யாரோ ஒரு நாள் கத்திக் கலாட்டா செய்ததாகத்தான் நினைப்பார். மூன்று வாரம் தூங்காமல், களைப்பும் தெரியாமல், கடன் வாங்கித் தொழில் தொடங்கி, பேச்சை நிறுத்த முடியாமல் இருந்ததை அந்தச் சொல் தாங்காது.

> ‘கட்டம்’?

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று புற்றுநோய்க்குச் சொல்லிப் பழகிவிட்டோம். வரிசையாக முற்றிக்கொண்டே போவது என்ற பொருள் தானாக வந்துவிடும். இங்கே அப்படி ஒரு வரிசை கிடையாது. பலருக்கு முதலில் வருவது மனச்சோர்வுதான். அது ஒருமுறையோ பலமுறையோ வந்துபோன பிறகு, சில ஆண்டுகள் கழித்துக்கூட மேனியா தலைகாட்டலாம். அதுவரை வெறும் மனச்சோர்வு என்றே சிகிச்சை நடக்கும். மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுக்கும்போது சிலர் மேனியாவுக்குத் தாவிவிடுவதும் உண்டு. அதனால்தான் ‘இதற்கு முன் எப்போதாவது நேர்மாறாக இருந்ததுண்டா?’ என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார்.

‘பருவம்’ அழகான சொல். ஆனால் நாம் எழுதப்போவது வாழ்நாள் நெடுக இந்நோய் எப்படித் தோன்றுகிறது என்பதை. ‘வளரிளம் பருவத்தில் வரும் முதல் மேனியாப் பருவம்’ என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

என் பரிந்துரை மாறுகாலம். அதற்கு இணையாக, இரண்டு மாறுகாலங்களுக்கு நடுவே ஆள் பழையபடி இருக்கும் காலத்துக்கு இயல்காலம். மழைக்காலம், பேறுகாலம் என்று சொல்லும்போது தொடங்கி முடியும் ஒன்றைத்தானே நினைக்கிறோம்? ‘மாறுகாலம் என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைப்பட்ட நேரம் ஆகாதா’ என்று இங்கே ஒருவர் கேட்பார், தெரியும். அது வினைத்தொகை, வளர்பிறை போல மூன்று காலத்துக்கும் பொருந்தும். மாறிய நிலை நிலவும் காலம் என்று வரையறுத்துவிட்டால் போதும்.

இயல்காலத்துக்குத் தனிச் சொல் தேவையா என்றால், அதற்கு வரலாற்றிலேயே ஒரு வழக்கு உண்டு. 1854இல் பிரான்சில் ஃபால்ரே, பாயார்ஜே என்ற இரு மனநல மருத்துவர்கள் ஏறக்குறைய ஒரே நோயை விவரித்துவிட்டு, யார் முதலில் என்று மோதிக்கொண்டார்கள். ஃபால்ரேயின் ‘வட்டப் பித்து’ வருணனையில் நடுவே வரும் தெளிந்த இடைவெளியும் நோய்ச் சுற்றின் ஓர் அங்கம். பாயார்ஜே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பெலின் 1899இல் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தார். இன்னொரு ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் 1957இல் ஒருமுனை (ஒரு முனை மட்டும் வருவது), இருமுனை என்று பிரித்தார். 1980இல் டிஎஸ்எம்-3 ‘பைபோலார்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. எனக்கு ஃபால்ரே பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இயல்காலம் எது என்று தெரியாமல் மாறுகாலத்தை எப்படி அடையாளம் காண்பது?

குழந்தைகளிடம் இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். எந்நேரமும் எரிந்து விழும் பிள்ளைகளுக்கும் பைபோலார் முத்திரை குத்துவது அமெரிக்காவில் 1990களிலிருந்து பல மடங்கு பெருகியது. அதற்குக் கடிவாளமாக டிஎஸ்எம்-5 ஒரு புதிய வகையைக் கொண்டுவந்தது: 10 வயதுக்கு முன்பே தொடங்கி, ஓராண்டாவது நீடித்து, வாரத்துக்கு மூன்று முறையாவது வெடிக்கும் சினம், இடையிலும் தணியாத எரிச்சல். இதைத் ‘தொடர்சினக் கோளாறு’ எனலாம். கவனச்சிதறலும் துறுதுறுப்பும் அப்படித்தான். சிறுவயதிலிருந்தே கூட வருபவை. அந்தப் பிள்ளைக்கு அதுதான் இயல்காலம். வந்து, சில நாள் தங்கி, போவதுதான் மாறுகாலம். பெற்றோரிடம் ‘கோபப்படுகிறானா?’ என்று கேட்டால் இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். ‘எப்போதிலிருந்து? நடுவில் பழையபடி இருந்தானா?’ என்று கேட்டால்தான் பிரியும்.

பெரும்பாலும் நோய் தொடங்குவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் முதல் பாதியிலும். அந்த வயதில் எதைச் செய்தாலும் ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். நம் கலைச்சொல்லில் வரும் ‘கோளாறு’ அதோடு மோதுகிறது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். சரிதான், ஆனால் அதற்காக விட்டுவிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

> மேனியாவுக்குப் ‘பித்து’, ஹைப்போமேனியாவுக்குக் ‘குறைபித்து’ என்று வைக்கலாமே?

பித்து வசவாகவும் இருக்கிறது, பக்தியாகவும் இருக்கிறது, காதலாகவும் இருக்கிறது. மருத்துவக் குறிப்பில் ஆகாது. ‘குறை’ இன்னும் ஆபத்து. குறை இரத்த அழுத்தம் என்றால் இயல்பை விடக் குறைவு. ஹைப்போமேனியா அப்படியல்ல, மேனியாவை விடக் குறைவு, இயல்பை விடக் கூடுதல். மிகையெழுச்சி, மித எழுச்சி என்று வைத்தால் இரண்டும் இயல்புக்கு மேலே என்பது புரியும். (‘எழுச்சி’ என்றதும் பேரணி ஞாபகம் வரும். அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.) மித எழுச்சியில் இருப்பவர் அதை நோயாகவே நினைப்பதில்லை, ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறேன்’ என்பார். கூட இருப்பவர்களைக் கேட்காமல் இரண்டாம் வகை பைபோலாரை (மிகையெழுச்சி வராமல், மித எழுச்சியும் மனச்சோர்வும் வருவது) பிடிப்பது கடினம்.

பேறுகாலத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களுக்குத் தனிப் பதிவு வேண்டும். முதல் மிகையெழுச்சியே அப்போது வரலாம். அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. ‘தாய்க்கு அசதி’ என்று மழுப்பும் சொல் எதுவும் அகராதியில் நுழைய வேண்டாம்.

முதுமைக்கு வந்தால் ‘இரண்டாம்நிலை மேனியா’ என்ற மொழிபெயர்ப்பை மாற்றியே ஆக வேண்டும். ஐம்பதுக்கு மேல் ஒருவருக்கு வாழ்வில் முதன்முறையாக மிகையெழுச்சி வந்தால் முதலில் வேறு காரணம் தேட வேண்டும்: பக்கவாதம், தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, பார்க்கின்சன் மருந்துகள், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய். அப்படி வருவதைத்தான் இரண்டாம்நிலை என்கிறார்கள். தமிழில் அது ‘இரண்டாம் வகை’யோடு குழம்பிவிடும். ‘பிறநோய்வழி மிகையெழுச்சி’ என்று நீட்டியே எழுதிவிடலாம்.

மிச்சம் இரண்டு. இரண்டு முனைகளின் அறிகுறிகளும் சேர்ந்தே வருவதற்குக் ‘கலப்பு மாறுகாலம்’ போதும். உள்ளே இருள், உடம்பில் வேகம். தற்கொலை அபாயம் கூடும் நேரம் அது. ‘ரேபிட் சைக்கிளிங்’ என்பதற்குச் சொல்லப்படும் ‘விரைசுழற்சி’யை நான் ஏற்கவில்லை. காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை என்று மக்கள் நினைப்பதை அது உறுதிப்படுத்திவிடும். வரையறைப்படி 12 மாதத்தில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட மாறுகாலங்கள் வந்தால்தான் அந்தப் பெயர். ‘அடுக்கு மாறுகாலம்’ என்று யோசித்தேன், முழு நிறைவு இல்லை. யாராவது இதைவிட நல்லது சொல்லுங்கள்.

மாறுகாலம் ஒத்துவரவில்லை என்று பெரும்பான்மை நினைத்தால் ‘எபிசோட்’ என்றே எழுதிவிட்டுப் போவோம், எனக்குச் சம்மதம். ‘நிகழ்வு’ மட்டும் வேண்டாம்.

அன்புடன்