பெருமந்த காலத்து அமெரிக்க உயர்நிலைப் பள்ளி வாழ்க்கை

கேள்வி: 1930களின் பெருமந்தத்தில், அதாவது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், அமெரிக்க மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பை நிறுத்தியிருப்பார்கள் அல்லவா?

பதில் 1: நேர்மாறாகத்தான் நடந்தது, ஐயா. பெரியவர்களுக்கே வேலையில்லாதபோது பிள்ளைகளை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? சும்மா இருப்பதற்குப் பள்ளிக்காவது போகட்டும் என்று அனுப்பியதால், 1930-இல் சுமார் 44 லட்சமாக இருந்த உயர்நிலை மாணவர் எண்ணிக்கை 1940-இல் 66 லட்சத்தை எட்டியது. பாவம், சிகாகோ ஆசிரியர்களுக்குத்தான் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை.

பதில் 2: 1935-இல் தொடங்கிய தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமெரிக்க அரசு அமைப்பு, பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போன்ற வேலைகளுக்கு மாணவர்களுக்கு மாதம் 6 டாலர் வரை கொடுத்தது.

பதில் 3: உடைதான் பெருங்கவலை. மாவு மூட்டையின் பருத்தித் துணியை, ஆலையின் பெயரெழுத்துகள் மறையும்வரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சவுக்காரம் போட்டுத் துவைத்து, மகளுக்குச் சட்டை தைத்த தாய்மார்கள், பட்டமளிப்பு விழாவுக்குப் புதுத்துணி வாங்க எங்கே போவார்கள்?